ஞாயிறு மாலை ஆறு மணி வரை 'மோட்டார் ரூம்'

சனிக்கிழமை காலை 5.25. எழும்பூர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு என் நாடியை எண்ணினேன். எண்பத்தாறு. படியேறி வந்ததால் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடி எண்ணினேன். தொண்ணூறு. எண்ண எண்ண ஏறுகிற சமாச்சாரம் இது என்று தெரியும். தெரிந்தும் எண்ணுவேன். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு நான் தனியாகப் போகும் முதல் வெளியூர்ப் பயணம் இது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற அவசர மாத்திரை சட்டைப்பையில் ஒரு பட்டை, பைக்குள் ஒரு பட்டை, பையின் வெளி அறையில் இன்னொரு பட்டை. "மருந்துக்கடை கிளம்பிடுச்சு" என்று மனைவி சாந்தி வாசலில் நின்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, மணிக்கு ஒரு தரம் போன் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவளே கிளம்பி வந்துவிடுவாள் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

போகிற இடம் திண்டுக்கல். அங்கிருந்து சித்தையன்கோட்டை. போகிற காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஓர் இசைத் தொகுப்பை இணையத்திலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். ஏன் என்று கேட்கப் போகிறேன்.

அந்தத் தொகுப்பின் பெயர் 'மோட்டார் ரூம்'. செய்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'அக்கா தம்பி'. இதுதான் அவர்களுடைய முதல் தொகுப்பு. கம்ப்யூட்டரில் செய்த எலக்ட்ரானிக் இசைதான், ஆனால் ஆட வைக்கிற வகை அல்ல. மெதுவாகப் போவது. ஏழு உருப்படி, நாற்பத்தொரு நிமிடம். வார்த்தை கிடையாது. தோட்டத்துப் பம்பு மோட்டாரின் சத்தத்தை வைத்துத் தாளம் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் தண்ணீர் தொட்டியில் விழுகிற ஓசை, அதற்கும் அடியில் எங்கோ ஒரு பெண் வாய் திறக்காமல் முனகுகிறாள். என் மகன் அனுப்பிவைத்தான். இது என்ன பாட்டு என்று முதல் நாள் திட்டினேன்.

ஸ்டென்ட் வைத்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்கிற பயம். டாக்டர் மாத்திரை தந்தார், சாந்தி பால் தந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் 'மோட்டார் ரூம்' ஐந்தாம் உருப்படியைக் கேட்டேன். 'கரண்டு போச்சு' என்று அதற்குப் பெயர். மூன்று நிமிடம் மோட்டார் ஒரே சீராக ஓடுகிறது. திடீரென்று சுருதி இறங்கி, இழுத்து, இழுத்து, நின்றுபோகிறது. அடுத்து நான்கு நொடி ஒன்றுமே இல்லை. முதல் தரம் கேட்டபோது அந்த நான்கு நொடியில் என் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. பிறகு யாரோ ஒருவர் லேசாக இருமுகிறார். டக்கென்று ஸ்டார்ட்டர் சத்தம். மோட்டார் மறுபடி முக்கி முனகி எழுந்து ஓட ஆரம்பிக்கிறது. நின்றது மறுபடி ஓடும் என்று யாரோ தினமும் எனக்குச் செய்து காட்டுவது போல இருந்தது. அன்று எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அதிலிருந்து ஏழு மாதமாக அதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன். ஆறாம் உருப்படியை நான் முழுதாகக் கேட்டதே கிடையாது.

போன திங்கட்கிழமை இணையத்தில் அந்தத் தொகுப்பின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. "இந்தத் தொகுப்பு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எடுக்கப்படும். கேட்டவர்கள் மன்னிக்கவும்." அவ்வளவுதான். நான் ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்தேன். எடுத்தாலும் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் அந்த 'மன்னிக்கவும்' என்னைப் பிடித்துக்கொண்டது. எதற்கு மன்னிப்பு? செய்தவர்களே வேண்டாம் என்று சொல்கிற ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? திங்கள் தொடங்கி வெள்ளி வரை தூக்கம் வராமல் ஆறாம், ஏழாம் உருப்படிகள் இரண்டையும் முழுதாகக் கேட்டேன். செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. தொலைபேசி எண்ணும் இல்லை. அட்டைப் படத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிபயர் பெட்டி இருக்கிறது. அதில் பெயின்டால் 'மாரிச்சாமி ஒலி ஒளி, சித்தையன்கோட்டை' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன்.

காலை 11.10. திண்டுக்கல். ரயிலில் ஐந்து மணி நேரம், சுமார் நானூற்று முப்பது கிலோமீட்டர். இதற்குள் சாந்தியிடமிருந்து ஐந்து போன். ரயிலடியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். வழியெல்லாம் பிரியாணி வாசனை. "சாப்டுட்டுப் போங்க சார், இம்புட்டுத் தூரம் வந்துட்டுச் சாப்டாமப் போனா எப்படி?" என்றார் ஆட்டோக்காரர். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, எனக்கு ஆகாது என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். பேருந்து நிலையத்தின் எதிரே மூன்று இட்லி முப்பது ரூபாய்க்குச் சாப்பிட்டேன்.

சித்தையன்கோட்டைக்குச் செம்பட்டி வழியாகப் போகிற பேருந்து, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஏதாவது ஆனால் இறங்க வசதி. ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, வாழை, காய்கறித் தோட்டம். மேற்கே மலை நீல நிறத்தில் கூடவே வந்தது. என் பக்கத்தில் மல்லிகைப்பூ விற்றுவிட்டுக் காலிச் சாக்கோடு திரும்புகிற ஓர் அம்மா. நடத்துநரிடம் மைக்செட் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"மாரிச்சாமி கடையா? பஸ் ஸ்டாப்புல எறங்கி நேரா போங்க, பள்ளிக்கூடத்துக்கு முன்னால" என்றவர், ஒரு கணம் நிறுத்தி, "வீட்டுல விசேசமா சார்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பூக்கார அம்மா திரும்பினார். "நல்ல காரியமுன்னா வேற ஆளப் பாருங்க. செம்பட்டியில நெறைய மைக்செட்டு இருக்கு."

"ஏம்மா?"

"சொன்னாக் கேட்டுக்கிருங்க. அம்புட்டுத்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடத்துநரும் முன்பக்கம் போய்விட்டார். நான் நாடியைப் பிடித்தேன். எண்ணவே பிடிக்கவில்லை.

பகல் 1.15. கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன, சீரியல் லைட்டுச் சரங்கள் ஆணியில் தொங்கின. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எதற்கோ ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார். தம்பி மாரிச்சாமி அவர்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆர்டரா சார்? உள்ள வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தார்.

"ஆர்டர் இல்லப்பா. 'மோட்டார் ரூம்' விஷயமா வந்தேன்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "அக்கா, செத்த வாயேன்" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

அக்கா தேன்மொழிக்கு நாற்பது இருக்கும். காந்திகிராமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சனிக்கிழமை அரை நாள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில், வேலை முடிந்த நேரத்தில்தான் முழுத் தொகுப்பையும் சேர்த்திருக்கிறார். முனகுகிற குரலும் அவருடையதுதான். நான் ஏழு மாதமாகக் கேட்ட குரல், "எங்கிட்டிருந்து வாரீக?" என்று அதட்டலாகக் கேட்டது.

"சென்னை."

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

"கிறுக்கா சார் உங்களுக்கு?" என்றார். ஆனால் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நடந்ததை மாரிச்சாமி சொன்னார். அவர் தயங்கிய இடங்களில் அக்கா சொன்னார். ஊருக்கு வெளியே வேலுச்சாமி என்று ஒருவருடைய தென்னந்தோப்பு இருக்கிறது. அவர் எழுபது வயது விவசாயி. அவருடைய மோட்டார் அறையில் வைத்துத்தான் எல்லாச் சத்தமும் பதிவு செய்தார்கள். சாவியைக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து, கரண்டு வந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்தி ஓட்டிக் காட்டியவர் அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. வேலுச்சாமியின் மகன் பெரியகருப்பன், மைக்செட் ஆர்டரை மாரிச்சாமிக்குத்தான் கொடுத்தார்.

"மொத நாள் சாயங்காலம் கொழாயக் கட்டிட்டு லைன் டெஸ்ட் பண்ணுனேன் சார். நல்ல காரியத்துல மொதப் பாட்டு பிள்ளையார் பாட்டுதேன் போடணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் டெஸ்ட்டுதானேன்னு, பேஸ் எப்படிக் கேக்குதுன்னு பாக்க, எங்க பாட்டப் போட்டேன். மூணாவத."

எனக்கு முதலில் புரியவில்லை. தேன்மொழி விளக்கினார். அந்தப் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் இரண்டே காரணம்தான்: ஒன்று நல்ல காரியம், இல்லையென்றால் துட்டி வீடு, அதாவது சாவு வீடு. துட்டி வீட்டில் பிள்ளையார் பாட்டுப் போட மாட்டார்கள். எடுத்த எடுப்பில் மெதுவான, இழுவையான, வார்த்தை இல்லாத இசை குழாயில் வந்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்.

"பத்து நிமிசத்துல ஆளுக வந்துட்டாக" என்றார் மாரிச்சாமி. "ரெண்டு பொம்பளைக தெரு மொனையிலேயே அழ ஆரம்பிச்சிட்டாக. ஒருத்தரு மாலையே வாங்கிட்டு வந்துட்டாரு. யாரு போயிட்டாகன்னு கேட்டு ஒரே கூட்டம். நான் பதறி ஆஃப் பண்ணிட்டேன். அப்பத்தேன் பாத்தா, வேலுச்சாமி அய்யா ஓடி வாராரு. தோப்புலருந்து ஒரு கிலோமீட்டரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, துண்டு எங்கயோ விழுந்துருச்சு. அவுக வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வருதுன்னு, தன் வீட்டுல யாருக்கோ என்னமோன்னு ஓடி வந்திருக்காரு."

அன்று எல்லோரும் சிரித்தார்களாம். வேலுச்சாமியும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாராம், ஒரு சோடா குடித்தாராம். காதுகுத்து நன்றாக நடந்தது. அதற்குப் பல நாள் கழித்து, மோட்டார் அறை வாசற்படியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. சிரித்த ஊர் அதோடு பேச்சை மாற்றிவிட்டது. பாட்டுப் போட்டு எமனைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சிலர். அன்று ஓடியதில்தான் நெஞ்சு கெட்டுப்போனது என்று சிலர்.

"நாளைக்கு அவுகளுக்குப் பதினாறாம் நாள். எங்களுக்குச் சொல்லல. அவுக காரியம் முடியட்டும், ஆறு மணிக்கு எடுத்துருவோம்" என்றார் தேன்மொழி.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். நான் என் நெஞ்சு, என் ஸ்டென்ட், என் ஏழு மாதம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இதைக் கேட்டுத்தாம்மா நான் தூங்குறேன்" என்றேன்.

"நீங்க தூங்குறீக சார்" என்றார் அவர். "நாங்க ரெண்டு பேரும் தூங்கிப் பதினஞ்சு நாளாச்சு."

கேட்டது நான்தான், வெட்கப்பட்டதும் நான்தான். கிளம்பலாம் என்று எழுந்தபோது மாரிச்சாமி, "அஞ்சாவதுல ஒரு இருமல் வருமே, கேட்டிருக்கீகளா?" என்றார்.

"கேக்காம?"

"அது அவுகதேன்."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாக என்னைத் தூங்க வைத்த மனிதர் அந்தப் படியில் உட்கார்ந்து செத்துப்போயிருக்கிறார், அதுவும் எனக்கு இருக்கிற அதே வியாதியில். அவருடைய மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய், இதக் கேளுங்கன்னு குடுக்குறது?" என்றார் தேன்மொழி.

மாலையில் திண்டுக்கல் திரும்பி, பேருந்து நிலையத்தின் அருகே ஒரு விடுதியில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். தரைத்தளம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். அன்று காதில் எதையும் மாட்டவில்லை. தூங்கினேன் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை 10.40. மறுபடி அதே பேருந்து, அதே இருபத்திரண்டு ரூபாய். ஏன் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. வேலுச்சாமியின் மகனிடம் அந்த இருமலைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு மனது. துக்க வீட்டில் போய் நின்று அடிவாங்கப் போகிறாய் என்று இன்னொரு மனது. வேலுச்சாமி வீட்டு வாசலில் பந்தல், நாற்காலிகள். மரத்தில் செம்பட்டிக்காரர் கட்டிய குழாய்கள். பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யார், எவர் என்று கேட்காமலே ஒருவர் என்னைப் பந்தியில் உட்கார வைக்கப் பார்த்தார். பெரியகருப்பனைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"த்ரீ பேஸ் கரண்டு இப்பத்தேன் வந்துச்சு. மோட்டாரு போட்டுட்டு வாரேன்னு தோப்புக்குப் போயிருக்கான்" என்றார். அப்பாவின் பதினாறாம் நாளாக இருந்தாலும், வருகிற நேரத்துக்குத்தான் கரண்டு வரும். அதைத் தவறவிட்டால் தென்னைக்குத் தண்ணீர் இல்லை.

தோப்புக்கு நடந்தேன். வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் வேலி. வேலுச்சாமி ஓடி வந்த பாதை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பாதி வழியில்தான் உறைத்தது. அவர் வந்த பாதையில் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு நடக்கவே பதினாறு நிமிடம் ஆனது, இரண்டு இடத்தில் நின்றேன். எழுபது வயதில் ஒரு மனிதர் இதை ஓடிக் கடந்திருக்கிறார், வீட்டில் யாருக்கு என்ன ஆனதோ என்று ஒவ்வோர் அடியிலும் நினைத்துக்கொண்டு. எனக்கு வியர்த்துவிட்டது. மாத்திரைப் பட்டையைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன்.

மோட்டார் சத்தம் முதலில் கேட்டது. எனக்கு மனப்பாடமான சத்தம். நேரில் கேட்டால் இன்னும் கரகரப்பாக இருந்தது. ஓட்டுக்கூரை போட்ட சின்ன அறை, எதிரே சிமென்ட் தொட்டி. வாசற்படியில் ஒருவர், மொட்டை அடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும்.

"யாரு? இன்சூரன்சு ஆபீசா?"

"இல்லைங்க. சென்னையிலிருந்து வரேன். மாரிச்சாமி போட்ட பாட்டு..."

அவர் எழுந்தார். என் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது. "இதுல உங்க அப்பா இருமுறாருங்க" என்று போனை நீட்டினேன். எவ்வளவு முட்டாள்தனமான வாக்கியம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். வந்து படியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டார். ஐந்தாம் உருப்படியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அவருக்கு என்ன கேட்கிறது என்று எனக்கு நொடிக்கு நொடி தெரியும். இப்போது மோட்டார். இப்போது சுருதி இறங்குகிறது. இப்போது ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவர் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, அறையின் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"மறுக்கா வையுங்க" என்றார். மூன்று தரம் வைத்தேன். மூன்றாம் தரத்துக்குப் பிறகு காதிலிருந்து கழற்றி, போனை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"பொழுது சாஞ்சாலும் அய்யா தோப்ப விட்டு வரமாட்டாக" என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லை. "அன்னைக்கு வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாக. பாட்டுச் சத்தம் கேட்டா வந்துருவாகன்னு, ஒரு கொழாயத் தோப்புப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன். மாரிச்சாமி ஊரப் பாக்கத்தேன் கட்டுனான். திருப்பச் சொன்னது நாந்தேன்."

கையிலிருந்த மாத்திரைப் பட்டையைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தேன்.

"ஊரு அவனச் சொன்னப்ப நான் வாயத் தொறக்கல சார். என் தம்பி சொன்னான், சித்தப்பா சொன்னாரு. நான் அவுக கூட நின்னேன். அப்பாவக் கொன்னவன்னு எம்பேரு வந்துருமோன்னு பயம்."

ஓடியதற்கும் இறந்ததற்கும் சம்பந்தம் இருக்காது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நான் டாக்டர் இல்லை. என் டாக்டரே எனக்கு எதையும் உறுதியாகச் சொன்னதில்லை. எனவே தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்: "இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க இதை எடுக்கப் போறாங்க."

"எடுக்கட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சொல்லத் தெரியலைங்க. நான் இதைக் கேட்டுத் தூங்குறவன்."

அவர் போனைத் திருப்பித் தந்தார். உள்ளே போய் ஸ்டார்ட்டரை அழுத்தினார். டக். மோட்டார் முக்கி எழுந்தது. "சாப்டுட்டுத்தேன் போகணும்" என்றார். வீடு வரை அவருடைய வண்டியில் கொண்டுவந்து விட்டு, பந்தியில் என் பக்கத்திலேயே நின்று, பொரியல் வாளியைக் காட்டி, "சாருக்கு வெஞ்சனம் வையி" என்று மட்டும் பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

மாலை 3.55. திண்டுக்கல்லில் ரயில் ஏறினேன். மலைக்கோட்டை ஜன்னலை விட்டு மறைந்ததும் போனைக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கம் இருந்தது, அறிவிப்பும் இருந்தது. மணப்பாறையில் பார்த்தேன், திருச்சியில் பார்த்தேன், காவிரிப் பாலத்தில் சிக்னல் இல்லாமல் தவித்தேன். செய்யக்கூடாத காரியத்தைச் செய்துவிட்டோமோ என்கிற அரிப்பு விடவில்லை. பதினாறு நாள் துக்கத்தை முடித்துவைக்கிற அன்று ஒருவர் கையில் அதைப் புதிதாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் தூக்கத்துக்காகப் போனேனா, அவருக்காகப் போனேனா என்று கேட்டுக்கொண்டேன். பதில் நன்றாகவே தெரிந்தது.

5.58. அரியலூர் தாண்டியிருந்தது. 6.00. 6.01. பக்கத்தைப் புதுப்பித்தேன். 'இங்கே எதுவும் இல்லை' என்று வந்தது.

தொண்ணூற்றாறு. எண்ணியதை நிறுத்திவிட்டு ஒரு மாத்திரையை எடுத்தேன், வேண்டாம் என்று திரும்ப வைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர், மீசை நரைத்த ஒரு பெரியவர், "என்ன சார், ஏதும் கெட்ட செய்தியா?" என்றார். பாட்டுங்க என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று, இல்லை என்று தலையாட்டினேன்.

6.25. விருத்தாசலத்தில் போன் அதிர்ந்தது. 'அக்கா தம்பி' பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 'மோட்டார் ரூம்'. பெயர் அதே, அட்டைப் படம் அதே. ஏழு இருந்த இடத்தில் எட்டு. புதிதாக வந்தது முதலாவதாக இருந்தது, பிள்ளையார் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில். இருபத்து மூன்று நொடி. பெயர் எதுவும் போடவில்லை.

காதில் மாட்டினேன். குழாய் ஸ்பீக்கர் கீச்சென்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். பிறகு ஒரு குரல், அன்று காலையில் நான் கேட்ட குரல்.

"ஹலோ. ஹலோ. வேலுச்சாமி மகன் பெரியகருப்பன் பேசுறேன். எங்க வீட்டுல மைக்செட்டு டெஸ்ட் பண்ணுறாக. யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். யாரும் பதற வேணாம்."

அடுத்து ஓர் இடைவெளி. மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தணிந்த குரலில்: "அய்யா, ஓடாதீக. மெதுவா வாங்க."

அதன் பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியவர் பார்த்திருப்பார். ஊரே கேட்கும்படி அதை அவர் குழாயில் சொன்னாரா, மாரிச்சாமி கடைக்குள் உட்கார்ந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவது ஓடியது, மூன்றாவது ஓடியது, மாரிச்சாமி அன்று போட்ட பழைய மூன்றாவது இப்போது நான்காவதாக வந்தது. அதில் முதல் தரமாக, இது துட்டிப் பாட்டுதான் என்று எனக்கும் கேட்டது. கேட்டும் பயம் வரவில்லை. ஐந்தாவது இப்போது ஆறாவதாக இருந்தது. மோட்டார் நின்றதும், நான்கு நொடிக்குப் பிறகு, யாரென்று தெரிந்த ஒருவர் இருமினார்.

தோளைத் தட்டி எழுப்பியது அந்தப் பெரியவர்தான். "தாம்பரம் வந்துருச்சு சார். உங்க போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நல்லாத் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல."

சாந்தியிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். குரோம்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டில் எவ்வளவு சத்தமாகப் பாட்டுப் போட்டாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு போன் எடுக்காமல் போனால் போதும், சாந்தி பதறிக் கிளம்பிவிடுவாள். திரும்ப அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மூச்சு இரைத்தது. பின்னால் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு? நான் ஸ்டேஷனுக்குத்தான் ஓடிட்டு இருக்கேன்..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சாந்தி" என்றேன். "நல்லா இருக்கேன். ஓடாதே. மெதுவா வா."